தையல்கடையில் கொடுத்த விரிசல்கள்

மதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கடிதம் முழுவதுமே உங்கள் நலத்தைப் பற்றியது என்பதால் அதைத் தனியாக ஒரு வரியில் கேட்காமல் விட்டிருக்கிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பா மட்டும் கொஞ்ச நாளாகக் குறைவாகப் பேசுகிறார். காரணம் கீழே வரும்.

நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தேன். நீங்கள் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தீர்கள். தாளின் பின்பக்கத்தில் இருந்த மெத்தை விளம்பரத்தை முழுவதும் படித்தேன். பிறகு பெரியம்மா உள்ளேயிருந்து வந்து, "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுக்கச் சொல்றாரும்மா" என்றார். நீங்கள் அதே நாற்காலியில்தான் இருந்தீர்கள். முப்பது வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் எழுத்தில் கேட்பது நியாயம்தான். எனக்கும் எழுதுவது பேசுவதைவிடச் சுலபம். ஆகவே எழுதுகிறேன்.

வேண்டுகோள் ஒன்றுதான். மழை இந்த வாரக் கடைசியில் தொடங்கும் என்கிறார்கள். அதற்குள் நீங்களும் பெரியம்மாவும் வீட்டைக் காலி செய்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். உங்கள் வீடு நிற்கும் சரிவு நகரத் தொடங்கியிருக்கிறது. நான் வேலை பார்க்கும் நிலச்சரிவுக் கண்காணிப்பு அலுவலகத்து ஆள் கொண்டுவந்த நோட்டீசை நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்றும், அவருடைய அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்து, தேதி முடிந்துவிட்டது என்று சொல்லி இறக்கிவிட்டீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அட்டையின் தேதி முடிந்தது உண்மை. அதைப் புதுப்பித்தாயிற்று. சரிவு நகர்வதும் உண்மை.

உங்கள் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும். போன மாதம் எங்கள் அலுவலக வாசலில் பொதுமக்கள் பார்வைக்கு ஒரு வரைபடம் ஒட்டியிருந்தோம். நீங்கள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அதில் உங்கள் வீட்டைத் தேடியிருக்கிறீர்கள். மற்ற வீடுகள் எல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று குழுக்குழுவாக இருக்க, உங்கள் வீடு மட்டும் சாம்பல் நிறத்தில் தன்னந்தனியாக இருந்தது. ஓரத்தில், சாம்பல் நிறம் என்றால் 'எந்தக் கொத்திலும் சேராதவை' என்று அச்சிட்டிருந்தது. அதை அச்சிட்டது நான். வீட்டுக்குப் போய் நீங்கள் பெரியம்மாவிடம் சொன்னதாக அவர் என்னிடம் சொன்னது: "காலேஜ்ல கொண்டுபோய்ச் சேத்துவிட்டவன் நான். அவ அப்பன் அன்னிக்குக் கடையை விட்டு வரல. இப்ப ஊரையே சேத்துட்டு என்னை மட்டும் சேராதவன்னு எழுதி ஆபீஸ் வாசல்ல ஒட்டியிருக்கா. ஒரு கலர் கூடக் குடுக்கல." பெரியப்பா, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதுபோல் நீங்கள் இதை எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எப்படி அப்படி ஆயிற்று என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் பொறுமையாகப் படித்தால், அந்தப் படத்தில் சரியாக இருந்த ஒரே வீடு உங்களுடையது என்பது தெரியவரும்.

என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் வேலை என்றால் எல்லோருக்கும் போதுமாக இருந்தது. நான் செய்வது இதுதான். ஒரு வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தால் அது அந்த வீட்டின் கோளாறாக இருக்கலாம். சிமெண்டு குறைவாகப் போட்டிருப்பார்கள், குழாய் கசிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்து வீடுகளில், ஒரே மாதிரி, ஒரே திசையில் விரிசல் விழுந்தால் அது வீட்டின் கோளாறு இல்லை, மண்ணின் கோளாறு. ஊரில் எங்கெங்கே விரிசல் இருக்கிறது என்று புள்ளி வைத்து, எந்தப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்த கொத்து, எவை தனி என்று பிரித்துச் சொல்வதுதான் என் வேலை. பிரிப்பதற்குப் பல முறைகள் உண்டு. அவற்றில் ஒன்று, எத்தனை கொத்து வேண்டும் என்று முன்கூட்டியே நாம் சொல்லிவிட வேண்டிய முறை. எங்கள் மேலதிகாரிக்கு அதுதான் பிடிக்கும். அவர் நிலவியல் படித்தவர், எதற்கும் முகம் மாறாது, அலுவலகத்தில் பாறை சார் என்பார்கள். "எத்தனை கொத்து போடட்டும் சார்" என்று கேட்டேன். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "மூணு" என்றார். வெளியே மூன்று ஜீப்புகள் நின்றன.

மூன்று போட்டேன். அந்த முறை ஊரில் உள்ள எல்லாப் புள்ளியையும் இழுத்து மூன்றில் ஏதாவது ஒன்றில் திணித்துவிடும், யாரையும் ஒதுக்காது. உங்களுக்கு அது பிடித்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கொத்துக்கும் நட்டநடுவில் ஒரு இடத்தை அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும், ஜீப் அங்கே போக வேண்டும். முதல் ஜீப் போய்விட்டுத் திரும்பி வந்தது. டிரைவர் அண்ணன் என் மேசைக்கே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் குனிந்து, "மேடம், நீங்க சொன்ன எடம் நடு ஏரி. எறங்கணுமா?" என்றார். ஏரியைச் சுற்றி இருக்கும் வீடுகளை எல்லாம் ஒரே கொத்தாகக் கட்டி நடுவைக் கேட்டால் அது ஏரியைத்தானே காட்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த நிமிடத்தில் அவர் செருப்பைக் கழற்றத் தயாராகிவிட்டார்.

அதன் பிறகுதான், கையைத் தூக்கலாமா கூடாதா என்று ஒரு வாரம் யோசித்து, இன்னொரு முறை இருக்கிறது என்று பாறை சாரிடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இதில் எத்தனை கொத்து என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புள்ளியைச் சுற்றிக் கூப்பிடு தூரத்தில் போதுமான அளவு வேறு புள்ளிகள் இருந்தால் அவை கொத்து. அந்தப் புள்ளிகளின் அக்கம்பக்கத்தில் இருப்பவையும் அதில் சேர்ந்துகொள்ளும். நெளிந்தோ வளைந்தோ எந்த வடிவத்திலும் அது வளரலாம். அக்கம்பக்கத்தில் துணை இல்லாத புள்ளி மட்டும் தனியாக நிற்கும். பாறை சார் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு, "புள்ளி பத்தாது. இன்னும் நெறைய வேணும். ஊர்ல சொல்லு" என்றார். ஊரில் சொல்ல எனக்கு யாரைத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன்.

இங்கேதான் எல்லாம் தலைகீழானது. எங்கள் அலுவலகச் செயலியில் விரிசலைப் படமெடுத்து அனுப்பினால், அனுப்புகிறவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தை அது தானாகக் குறித்துக்கொள்ளும். சரிவில் சிக்னல் கிடைப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும். கடைத்தெருவில் நன்றாகக் கிடைக்கும். அப்பா தையல்கடை வாசலில் ஒரு அட்டையில் 'இங்கு விரிசல் பெற்றுக்கொள்ளப்படும்' என்று எழுதித் தொங்கவிட்டார். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் வேலை பார்க்கும் இடம், அதற்கு ஊர் ஒத்துழைக்கவில்லை என்ற பேச்சு வந்துவிடக்கூடாது என்று அவருக்கு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள், கால்சட்டைக்கு ஜிப் மாற்ற வந்தவர்கள் எல்லோரிடமும், "வீட்ல விரிசல் இருக்கா? இருந்தா நாளைக்குப் படம் எடுத்துட்டு வாங்க, நான் ஏத்தி விட்டுடறேன். பாப்பா ஆபீஸ்தான்" என்று சொல்லியிருக்கிறார். சொன்னதைத் தட்டாமல் எல்லோரும் கொண்டுவந்தார்கள். அடுத்த தெரு வாத்தியார் வீட்டில் விரிசலே இல்லை. வெறுங்கையோடு வர மனசில்லாமல் உடைந்த பூந்தொட்டியைப் படமெடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா அதையும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார். சரிவில் உள்ள வீடுகளில், தன் வீட்டிலேயே நின்று, தன் விரிசலைத் தானே அனுப்பியவர் ஒருவர்தான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, சிக்னல் வரும்வரை போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றீர்களாம். பெரியம்மா கீழேயிருந்து, "எறங்குங்க, ஊர் பாக்குது" என்று கத்தினாராம்.

இப்போது படத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் அக்கம்பக்கத்தார் விரிசல் எல்லாம் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. உங்கள் விரிசல் மட்டும் சரிவில் தனியாக நிற்கிறது. துணை இல்லாததால் சாம்பல் நிறம். அப்பா கடையோ நாற்பதுக்கு மேற்பட்ட விரிசலோடு நல்ல சிவப்பு.

வாசலில் ஒட்டிய கையோடு, கூட்டத்திலும் அந்தப் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினேன். பாறை சார் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "இவ்ளோ தெளிவான கொத்து நான் பாத்ததில்ல" என்றார். "பெருசாக்கு." பெரிதாக்கினேன். தெரு வந்தது. "இன்னும்." கூரை வந்தது. அது அப்பாவின் கடைக் கூரை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வாய் திறந்தேன். இருமல்தான் வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள் மூன்று ஜீப்பும் கிளம்பத் தயாராகிவிட்டன. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அலுவலகமே கருவிகளோடு கடைக்குள் நுழைந்ததை அப்பா பார்த்து, சீருடை தைக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். "வாங்க சார், வாங்க. எல்லாருக்கும் ஒரே கலரா, இல்ல தனித்தனியா?" என்றார். பாறை சார் மண்டிபோட்டு உட்கார்ந்து தரையைச் சுத்தியலால் தட்டினார். இருவர் சுவருக்கு நாடா பிடித்தார்கள். அப்பா பின்னாலிருந்து பாறை சாரின் தோளுக்கு நாடா பிடித்தார். இவர்கள் கடையை அளக்க, அவர் இவர்களை அளந்தார். "கையைக் கொஞ்சம் தூக்குங்க சார்." பாறை சார் யோசிக்காமல் தூக்கிவிட்டார். பிறகு எழுந்து, "இந்தக் கடையில நாப்பது விரிசலுக்கு மேல பதிவாகியிருக்கு. ஒண்ணு கூடக் கண்ணுல படல" என்றார். அப்பா நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ரொம்ப நிதானமாக, "என் கடையில ஒரு கீறல் இருக்காது சார். அதெல்லாம் கஸ்டமர் விரிசல்" என்றார்.

"இவர் யாரு?" என்று கேட்டார் பாறை சார். டிரைவர் அண்ணன்தான் சொன்னார்: "மேடத்தோட அப்பா சார்." பாறை சார் என்னைப் பார்த்தார். நான் தையல் மெஷினைப் பார்த்தேன். அவர் அப்பாவிடம், "பேன்ட் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அன்றிலிருந்துதான் அப்பா குறைவாகப் பேசுகிறார். உதவி செய்யப்போய் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதாக நினைக்கிறார். எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. நின்ற இடம்தான் பதிவாகும் என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். நம் வீட்டில் எனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்கும் தெரிந்ததுபோலவே வைத்துக்கொண்டு பேசிப் பழகிவிட்டது. தெரியாது என்று கேட்க அவருக்கும் கூச்சம்.

ஜீப்பில் திரும்பும்போது பாறை சார், "ஒவ்வொரு வீடாப் போய் வாசல்ல நின்னு திரும்பப் பதியணும். உன்னைத்தான் அங்க எல்லாருக்கும் தெரியும். நீயே போ" என்றார். கதவைத் தட்டுவதைவிட ஏரியில் இறங்குவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் போனேன். இஸ்திரி போடும் அக்கா கதவைத் திறந்ததும், "அதான் உங்கப்பாகிட்ட குடுத்துட்டோமே. தொலைச்சுட்டாரா?" என்றார். தொலைக்கவில்லை, இடம் மாறிவிட்டது என்றேன். "அவர் எப்பவும் அப்படித்தான், என் பாவாடையை ஒருதரம் எதிர்வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டார்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். படிக்கட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாடிக்கு வாடகை ஆள் தேடிக்கொண்டிருந்ததால், "இது விரிசல் இல்லம்மா, டிசைன்" என்றார். "டிசைனுக்குள்ள என் விரல் போகுதுங்க" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அவரும் திடுக்கிட்டார், நானும். பிறகு அவரே டார்ச் கொண்டுவந்து பிடித்தார். ஒவ்வொரு வீட்டிலும் விரிசல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் குறித்துக்கொண்டேன். பூந்தொட்டியை நீக்கிவிட்டேன். வாத்தியாருக்கு அதில் வருத்தம்.

புதுப் புள்ளிகளை வைத்து மறுபடி ஓட்டினேன். கடைத்தெரு வெறிச்சென்று ஆகிவிட்டது. சரிவில் ஒரே ஒரு கொத்து வந்தது. வட்டமாக இல்லை. மேலே ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே தொடங்கி, படிக்கட்டைக் குறுக்கே தாண்டி, இஸ்திரி அக்கா வீட்டுப் பக்கமாக வளைந்து, பிறைபோல இருந்தது. எல்லா விரிசலும் கீழ்நோக்கி, பிறையின் உள்பக்கத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. பாறை சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நின்றபடிதான் எப்போதும் பேசுவார். அன்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "வீடு விரியலம்மா. மலை இங்க கிழியுது" என்றார். கிழியும் இடத்துக்கு நட்டநடுவில், எல்லாவற்றிலும் அகலமான விரிசலோடு, உங்கள் வீடு இருக்கிறது பெரியப்பா. முதலில் சொன்னவர் நீங்கள். சரியான இடத்தில் நின்று சொன்னவரும் நீங்கள்தான். உங்களைத்தான் நாங்கள் சேராதவர் என்று எழுதினோம்.

நீங்கள் பெரியம்மாவிடம் இன்னொன்றும் சொன்னீர்களாம்: "ஆயுசு பூரா ஓடுற வண்டியில நின்னவன். இப்பத்தான் நிக்கிற எடத்துல நிக்கறேன். இதுவும் ஓடுதுன்னா நான் எங்கதான் போய் நிக்கறது?" எங்கள் பாடப் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன், மண் நகர்வதைப் பற்றி மட்டும்தான் இருந்தது. அந்த வரியைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். ஓடுவது நின்றதும் திரும்பிப் போகலாம் என்று சொல்ல எனக்கு ஆசை. அதைச் சொல்லும் அளவுக்குப் புள்ளிகள் இன்னும் சேரவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் மேலே பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். அது பாறைமேல் கட்டியது. நானே போய்ச் சுவர் சுவராகப் பார்த்துவிட்டு வந்தேன். ஆனால் இந்த வயதில் பெஞ்சைச் சேர்த்துப்போட்டு ஊரோடு படுப்பதா என்று நீங்கள் நினைப்பீர்கள். அதனால்தான் எங்கள் வீட்டுக்கே கூப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் விரிசல் எதுவும் இல்லை. அப்பாவிடம் இரண்டு முறை கேட்டுவிட்டேன். "நம்ம வீட்லயா? சீச்சீ" என்றார். பிறையின் நுனி எங்கள் தெருவுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் வீடு முழுப் பாதுகாப்பில் இருக்கிறது என்று என் படிப்பை வைத்து உறுதியாகச் சொல்கிறேன். உள்ளறை உங்களுக்குத்தான். அம்மா இப்போதே அதை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் நாற்காலியையும் எடுத்து வாருங்கள். செய்தித்தாளை எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், நான் எதுவும் கேட்கமாட்டேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. முழங்கால் வலியோடு மூட்டை கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். நானும் டிரைவர் அண்ணனும் வந்து கட்டுகிறோம். உங்கள் இருவர் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். உங்கள் வாயால் ஒரு 'சரி' வந்தால் போதும், எழுத்தில் வேண்டியதில்லை.

இப்படிக்கு, உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
தம்பி மகள்

பி.கு.: மேலே எங்கள் வீடு பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் இடங்களை எல்லாம் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை மடிக்கும்போது உள்ளறையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். நீங்கள் படுக்க இடம் வேண்டும் என்று அவள் பீரோவை நகர்த்தியிருக்கிறாள். பின்னால் சுவரில் தரையிலிருந்து கூரைவரை விரிசல். என் கை போகிறது. சாய்வும் அதே பக்கம்தான். அப்பாவைக் கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், புதிதாகப் பார்ப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள முயன்றார், முடியவில்லை. பீரோவை அங்கே தள்ளி வைத்ததே அவர்தானாம். "விரிசல் ஆபீஸ்ல வேலை பாக்குற பொண்ணு வீட்லயே விரிசல்னா, உன்னை யாரும்மா மதிப்பாங்க?" என்றார். ஊரார் விரிசலை எல்லாம் வாங்கி அனுப்பிய மனிதர், தன்னுடையதை மட்டும் கொடுக்கவில்லை. அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அந்தப் புள்ளியைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பிறையின் நுனி நீண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போகிறது. பாறை சாருக்குப் போன் செய்தேன். "வெளிய வாங்க" என்று இரண்டே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

ஆகவே நீங்கள் எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். நாங்கள் வருகிறோம். இன்றிரவு கடையில் படுத்துவிட்டு, நாளைக் காலை மெஷினும் மூட்டைகளுமாக ஜீப்பில் உங்கள் படிக்கட்டடிக்கு வந்து, உங்களையும் ஏற்றிக்கொண்டு எல்லோருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். பெஞ்சு போதுமான அகலம்தான், நான் படுத்துப் பார்த்தேன். அப்பா உங்கள் முகத்தில் விழிக்கவே கூச்சப்படுகிறார். ஜீப்பில் பின்னால் துணி மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து வருவேன் என்கிறார். பார்த்ததும் நீங்களே முதலில் நன்றாகத் திட்டிவிடுங்கள் பெரியப்பா. நீங்கள் திட்டினால் அவருக்குச் சரியாகிவிடும்.